வண்டி எங்கே நிற்கும்? வஹகோட்டையும் கலேவெலவும், அன்றும் இன்றும்

வஹகோட்டைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. மாத்தளைப் பக்கமிருந்து வருபவர்கள் பலாபத்வலவில் ஏ-9 வீதியை விட்டுவிட்டு உட்பாதையில் ஏறுவார்கள். குருநாகல், கொழும்புப் பக்கமிருந்து வருபவர்கள் ஏ-6 வீதியில் கலேவெல வரை வந்து அங்கிருந்து திரும்புவார்கள். எந்த வழியாக வந்தாலும் தேடி வருவது புனித அந்தோனியார் கோயிலைத்தான். கண்டி அரசர்கள் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கேயர் வழிவந்த குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன என்பது ஊர் மரபு. ஜோசப் வாஸ் அடிகளாரும் அவருக்குப் பின் கோவாவிலிருந்து வந்த குருமாரும் கண்டி இராச்சியத்துக்குள் பேணிக் காத்த கத்தோலிக்கச் சபைகளோடு சேர்ந்தது இவ்வூரின் கதை. இன்று ஊரார் பேசுவது சிங்களம். கோயிலுக்கு வருபவர்களிடம் மொழிப் பேதமும் இல்லை, மதப் பேதமும் இல்லை. மாத்தளைத் தோட்டங்களிலிருந்து நேர்த்தி வைத்து வரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது தங்கள் அந்தோனியார் கோயில்தான்.

இந்த ஊரையும், இதற்கு வாசலாக நிற்கும் கலேவெல நகரையும் வைத்து ஒரு கேள்வியைப் பேச விரும்புகிறேன். ஒரு கடையோ மண்டபமோ வங்கிக் கிளையோ எழும்பும்போது, அங்கே வரும் வண்டிகள் எங்கே நிற்கும்? இதை யார் கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள்? சின்னக் கேள்விபோலத் தெரியும். பள்ளிக்கூடம் விடும் பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஏ-6இல் மாட்டிக்கொண்ட அம்பியுலன்ஸில் இருப்பவருக்கு அது சின்னக் கேள்வி அல்ல.

முன்னைய காலத்தில் இந்த நாட்டின் பாதைகளில், போவதற்கு வழி இருந்தது போலவே நிற்பதற்கு இடமும் இருந்தது. சிங்கள ஊர்களில் வழிப்போக்கர் தங்க அம்பலம் கட்டினார்கள். யாழ்ப்பாணத்து வீதிகளில் மடம், கேணி, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரச ஆவுரஞ்சிக்கல் எனத் தர்மமாகச் செய்துவைத்தார்கள். பலவற்றைக் கட்டுவித்தவர்கள் வசதி படைத்தவர்கள், வியாபாரிகள். பாதையால் வருமானம் பெற்றவன், அந்தப் பாதையில் வருபவன் இளைப்பாற ஓர் இடம் செய்து கொடுப்பது மரியாதையாக இருந்தது. பாதை ஓடுவதற்கு மட்டுமல்ல என்ற அறிவு அந்தக் கற்களில் இருக்கிறது.

அப்படி நிற்க இடமில்லாத பாதை எப்படியிருக்கும் என்பதை எங்கள் மலையக முன்னோர் அறிவார்கள். 19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். தண்ணீரும் நிழலும் தங்குமிடமும் போதாமல் வழியில் செத்தவர்கள் ஏராளம். அந்தத் தடத்தில்தான் இன்றைய ஏ-9 பெரும்பாலும் போகிறது. 1880இல் மாத்தளை வரை ரயில் வந்தது. அதற்கு வடக்கே எல்லாம் கரத்தைதான்.

மாட்டுக் கரத்தைக் காலத்துக் கடைவீதியை இப்போதும் பழைய கட்டடங்களில் வாசிக்கலாம். ஓடு வேய்ந்த கடை, முன்னால் நீண்ட விறாந்தை, அதற்கும் வீதிக்கும் நடுவே மண் முற்றம். கரத்தை முற்றத்தில் நிற்கும், மாட்டை அவிழ்த்துக் கட்டுவார்கள், மூட்டை விறாந்தையில் இறங்கும். பிரதேச சபையும் இல்லை, தரிப்பிட விதியும் இல்லை. முற்றம் இல்லாத கடைக்குச் சரக்கு வராது. அதனால் கடைக்காரரே முற்றத்தை விட்டுக் கட்டினார். திருவிழாவுக்கு வஹகோட்டைக்கு நடந்தும் கரத்தை கட்டியும் வந்தவர்கள் மரநிழலில் சமைத்து, அங்கேயே படுத்து, திருநாள் முடிந்து திரும்பினார்கள். கூட்டம் பெரிதாக இருந்தாலும் அது நாள்கணக்கில் மெல்ல வந்து மெல்லக் கலைந்தது.

பிறகு பஸ் வந்தது. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அடுத்த இருபது ஆண்டுகள் இப்படியான சிறு நகரங்களுக்குப் பொற்காலம் என்றே சொல்வேன். சந்தைக்கு வந்தவர், வங்கிக்கு வந்தவர், டிஸ்பென்சரிக்கு வந்தவர் எல்லாரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இறக்கிவிட்டு பஸ் போய்விடும். நூறு பேர் வந்தாலும் நகரில் நிற்பது ஒன்றிரண்டு பஸ். எனவே கடை கட்டியவர்கள் முற்றத்தை மறக்கத் தொடங்கினார்கள். முற்றம் விடாத கடை அந்தக் காலத்தில் யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. விறாந்தையைச் சுவர் வைத்து அடைத்தார்கள், முற்றத்தில் புதுக் கடை போட்டார்கள், ஷட்டர் வீதி விளிம்புக்கே வந்தது. பஸ்ஸை நம்பி வளர்ந்த நகரத்தின் முகம் அது.

1977க்குப் பிந்திய திறந்த பொருளாதாரம் வண்டிகளைக் கொண்டுவந்தது. முதலில் தனியார் பஸ், பிறகு வான், பிறகு மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும். போர் முடிந்தபின் இது பாய்ச்சலாகியது. 2010இல் நாட்டில் பதிவான வாகனங்களின் மொத்தம் ஏறத்தாழ 40 இலட்சம். அடுத்த பத்தாண்டு முடியும்போது அது 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. பதிவான எல்லாம் ஓடுவதில்லை, பழையவை கழிந்திருக்கும். ஆனாலும் இரட்டிப்பு இரட்டிப்புத்தான். அவற்றில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள், 11 இலட்சத்துக்கு மேல் முச்சக்கர வண்டிகள். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் நகரங்களை ஒழுங்கு செய்திருக்கலாம். செய்யவில்லை.

இன்றைய கலேவெலவைப் பாருங்கள். ஏ-6 நகரின் நடுவே ஓடுகிறது. திருகோணமலைக்கும் தம்புள்ளைக்கும் போகிற நெடுந்தூர பஸ், கொள்கலன் லொறி, சுற்றுலா வான் எல்லாம் இதே வீதிதான். சுற்றுவட்டாரம் பெரிய வெங்காயமும் மரக்கறியும் விளையும் பூமி. ஆகவே அறுவடைக் காலத்தில் டிமோ பட்டா, லேண்ட் மாஸ்டர், உழவு இயந்திரம். உரக்கடை, ஹாட்வெயார், தொலைபேசிக் கடை, தங்க அடகு நிலையம், சுப்பர் மார்க்கெட், வங்கி ஆகியவற்றுக்கு வருபவர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வீதி விளிம்பில். நடைபாதை என்று போட்ட இடத்தில் பிளாஸ்டிக் கதிரைகளும் வாளிகளும் அடுக்கியிருக்கும். நடந்து வரும் தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தார் வீதியில் இறங்குகிறாள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். வண்டிக்கு இடமில்லாத நகரத்தில் முதலில் இடம் இழப்பவர் நடந்து வருபவர்.

இருபக்கமும் ஒரு தடமாக உள்ள வீதியில் ஒரு லொறி பாதி ஏறி நின்று சரக்கு இறக்கினால் என்ன நடக்கும்? பின்னால் வருபவை எதிர்த்தடத்துக்குப் போய்த்தான் கடக்க வேண்டும். எதிரே வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதே நேரம் எதிர்ப்பக்கத்தில் பஸ் நின்றால் வீதி பூட்டிவிடும். லொறிக்காரர் மேல் குற்றம் சொல்லலாம், பொலிஸ் தண்டம் எழுதலாம். ஆனால் அந்தக் கடைக்குச் சரக்கு இறக்க வேறு இடமே இல்லை என்றால், குற்றம் நடந்தது இன்று காலையில் அல்ல. கடையின் வரைபடத்தில் முத்திரை விழுந்த அன்று நடந்தது.

அந்த முத்திரை எப்படி விழுகிறது? கட்டடம் கட்ட விரும்புபவர் வரைபடத்தோடு பிரதேச சபைக்குப் போகிறார். வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் காணியைப் பார்ப்பார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடக் குழியையும் கழிவுநீரையும் பார்ப்பார். திட்டமிடல் குழு கூடி அனுமதி கொடுக்கும். கட்டி முடித்தபின், அனுமதித்தபடிதான் கட்டப்பட்டது என இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிரகடனப்படுத்திய இடமென்றால் அந்த அதிகார சபையின் விதிகள் செல்லும். 1986இல் வந்த திட்டமிடல், கட்டட விதிகளிலேயே எந்தவிதக் கட்டடத்துக்கு எத்தனை வண்டித் தரிப்பிடம் என்ற அட்டவணை உண்டு. 2021இல் அவ்விதிகள் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டன. பெரிய திட்டங்களுக்குப் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடும் கேட்கப்படும். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதற்கான நிபுணர்கள் இருக்கிறார்கள். பிரகடனப்படுத்தாத கிராமப் புறங்களில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் பிரதேச சபைச் சட்டமும்தான் கைவசம். 1915இல் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கரத்தையைப் பார்த்து எழுதினார்கள்.

ஆகச் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பிழை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

கொழும்பில் இருபது மாடி எழும்பும்போது போக்குவரத்து ஆய்வு நடக்கும். கலேவெலவில் இருபது மாடி எழும்பப் போவதில்லை. அங்கே எழும்புவது இரண்டு மாடிக் கடை, அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்கு அப்பால் மூன்றாவது. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் ஆய்வு தேவைப்படாத அளவு சிறியது. ஐம்பது சேர்ந்தால் அது கொழும்பின் ஒரு வணிக வளாகத்துக்குச் சமம். ஆனால் அந்த ஐம்பதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் கோப்பு ஒன்று எந்த அலுவலகத்திலும் திறக்கப்படுவதில்லை. கட்டடத்தை ஆராய்கிறார்கள், வீதியை ஆராய்வதில்லை. என் முக்கிய முறைப்பாடு இதுதான்.

அடுத்தது, வீதிக்கு உரியவரும் அனுமதி கொடுப்பவரும் ஒருவரல்லர். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சீ, டீ தர வீதிகள் மத்திய மாகாண சபையின் பொறுப்பு. எஞ்சிய ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. நெரிசலைத் தீர்க்க நிற்பவர் பொலிஸ்காரர். பஸ் எங்கே நிற்கும், எந்த நேரம் வரும் என்பது போக்குவரத்து அதிகார சபைகளின் காரியம். கடைக்கு அனுமதி கொடுத்து, ஆண்டுதோறும் வியாபார உரிமப் பணம் வாங்குவது பிரதேச சபை. அந்தக் கடை உண்டாக்கும் நெரிசலோ ஏ-6இல் விழுகிறது. அது சபையின் வீதி அல்ல. வருமானம் ஓரிடம், வினை வேறிடம்.

மூன்றாவது, காணியின் வடிவம். இந்தப் பகுதியில் வீதிக்குப் பின்னால் பல இடங்களில் வயல். வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் தடையாக நிற்கிறது. நிற்கவும் வேண்டும், அது நல்ல சட்டம். விளைவு என்னவென்றால், வியாபாரக் காணி வீதியோடு ஒட்டிய மெல்லிய நாடாவாக இருக்கிறது. கடைக்கு முன்புறம் உண்டு, பின்புறம் இல்லை. 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு கார்த் தரிப்பிடமும், அதற்குள் திருப்பி நுழைய வழியும் விட்டால், அரைக் கடை போய்விடும். சிறு வியாபாரி அதைத் தாங்கமாட்டார். வரைபடத்தில் தரிப்பிடம் என்று கோடு போட்டுக் காட்டி, கட்டியபின் அதைக் களஞ்சியமாக மாற்றுவது இப்படித்தான் நடக்கிறது. இது நேர்மையற்றது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நிறைவேற்ற முடியாத விதியைத் தனித்தனியாகத் திணித்தால் ஏமாற்று வளரும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விதியின் அட்டவணை பெரும்பாலும் காரை அளவுகோலாகக் கொண்டது. கலேவெலவுக்கு வரும் வாடிக்கையாளர் காரில் வருபவர் அல்லர். அவருக்கு வேண்டியது மோட்டார் சைக்கிள் நிறுத்த நிழல், பட்டா லொறி பத்து நிமிடம் நிற்க இடம், ஓட்டோ ஆளை இறக்கத் தனி ஒதுக்கு. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எத்தனை வண்டி வருகிறது என்பது போதாது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. சுப்பர் மார்க்கெட்டுக்கு வருபவர் அரை மணி நேரம் நிற்கிறார் என்று வைத்தால், பத்து இடங்கள் ஒரு மணி நேரத்தில் இருபது வண்டிகளை ஏற்கும். உரக்கடைக்குப் பத்து நிமிடம் போதும், அதே பத்து இடம் அறுபது வண்டிகளை ஏற்கும். திருமண மண்டபத்துக்கு இந்தக் கணக்கே செல்லாது. சுபநேரம் ஒன்றுதான். எல்லாரும் ஒரே வேளையில் வந்து ஒரே வேளையில் எழும்புவார்கள். நூறு வண்டி வருமானால் நூறு இடம் வேண்டும். வீதியோரத்து மண்டபங்களுக்குக் கடைக்குரிய அளவுகோலால் அனுமதி கொடுத்தால், கலியாண நாளில் ஊரே அதற்கு விலை கொடுக்கும்.

கலேவெலவிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில் இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. ஏ-6உம் ஏ-9உம் சந்திக்கும் தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரத்துக்கென 1999இல் விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. வீதியோரத்தில் நடந்த வியாபாரத்தை ஓரிடத்துக்குள் கொண்டுவந்தது நல்ல நோக்கம். ஆனால் இடம் தெரிவானது நெடுஞ்சாலையின் ஓரத்தில். கமக்காரரின் வண்டி வரவேண்டும், முதலாளியின் லொறி ஏற்ற வேண்டும், கொழும்பு, கண்டி, திருகோணமலை, பின்னர் யாழ்ப்பாணம் வரை அது போகவேண்டும். 1999இல் ஏ-9 வடக்கே அடைபட்டிருந்தது. 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பின் முழுதாகத் திறந்தது. கட்டியபோது நாட்டின் பாதி இந்த வீதியில் இல்லை. திறந்தபின் வன்னியின் விளைச்சலும் யாழ்ப்பாணத்து வெங்காயமும் அதே வாசலுக்கு வந்தன. அருகிலேயே 1991இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட குகைக் கோயில், 2000இல் திறந்த கிரிக்கெட் மைதானம், வளர்ந்துகொண்டே போன ஹோட்டல்கள். 2011இல் நகரம் மாநகர சபையானது. 2025 ஏப்ரலில் இந்திய உதவியுடன் 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலை கட்டுப்படுத்திய களஞ்சியமும் திறந்துவைக்கப்பட்டது. கமக்காரருக்கு அது வரப்பிரசாதம், நான் மனதார வரவேற்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதுதான். எல்லாம் சேர்ந்து எந்தச் சந்தி வழியாகப் போகும் என்பதை மட்டும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கொழும்பு புறக்கோட்டை மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கு இடம்பெயர்ந்ததற்கும் நெரிசலே பெரிய காரணம். நகரின் நடுவில் லொறி திரும்ப இடமில்லாமல், முழுச் சந்தையையே பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கான செலவும், பழகிய இடத்தை விட்ட நாட்டாமைத் தொழிலாளரின் சிரமமும் சிறியவை அல்ல. ஆற்றின் ஒதுக்குப் பகுதிவரை கட்டடம் நெருங்கிவிட்ட அக்குறணையில், மழைக்குப் பிங்கா ஓயா பெருகினால் ஏ-9 கடைவீதியே வெள்ளமாகிறது. காலம் கடந்து கேட்கும் கேள்விக்கு இப்படித்தான் பதில் கிடைக்கும்.

சென்னை தியாகராய நகரை எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். கலியாணச் சேலை எடுக்க ரங்கநாதன் தெருவுக்குப் போகாத குடும்பம் குறைவு. அங்கே அனுமதி மீறி எழும்பிய வணிகக் கட்டடங்களைப் பணம் வாங்கி வரன்முறைப்படுத்த 1998இல் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. 2011 அக்டோபர் முடிவில், தீபாவளி முடிந்த கையோடு, பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அந்தத் தெருவின் பெரிய கடைகளுக்கு முத்திரை வைத்தது. ஆயிரக்கணக்கான விற்பனைப் பிள்ளைகள் வேலைக்கு நிச்சயமில்லாமல் நின்றார்கள். கட்டிய பிறகு விதி வந்தால் அடிபடுபவர் கட்டியவர் மட்டுமல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதே தியாகராய நகரில் 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடப்பவருக்கான அகன்ற நடைபாதை வளாகமாக மாறியது. வண்டிகளுக்குப் பல அடுக்குத் தரிப்பிடத்தைத் தனியே கட்டினார்கள். வியாபாரம் அழியவில்லை.

ஆனால் ஒவ்வொரு கடையும் தனக்கெனப் பெரிய தரிப்பிடம் விடவேண்டும் என்பதும் தீர்வல்ல. அமெரிக்காவின் டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் வாழ்நாள் முழுதும் சொன்னது இதைத்தான். 2005இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல், கட்டாயத் தரிப்பிட விதிகள் அமெரிக்க நகரங்களை எப்படி வெறும் தார்த்தரையாக ஆக்கின என்பதைக் காட்டியது. லண்டன் 2004 அளவிலேயே குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கைவிட்டு அதிகபட்சத்துக்கு மாறிவிட்டது. கலேவெலவில் ஒவ்வொரு கடைக்கும் முன்னால் கார் முற்றம் கேட்டால் கடைவீதியே சிதறிவிடும், நடந்து போய் வாங்கவும் முடியாது. எங்களுக்குப் பொருந்துவது கூட்டுத் தரிப்பிடம். நகரின் இரண்டு முனையிலும் சபை ஒவ்வொரு காணி எடுத்து, புதிதாகக் கட்டுபவர்கள் தங்கள் பங்கைப் பணமாகக் கொடுக்க, எல்லாருடைய வாடிக்கையாளரும் அங்கே நிறுத்திவிட்டு நடந்து வரலாம். இடம் விட முடியாதவரிடம் அதற்கு ஈடாகக் கட்டணம் வாங்கும் வழி விதிகளிலேயே இருக்கிறது. வாங்கிய பணம் தரிப்பிடமாக மாறியதா என்று ஊரார் கேட்க வேண்டும். பொதுக் கணக்கில் கரைந்துபோனால் அது அநியாயம்.

இதெல்லாம் சிறு ஊர்களுக்கு எட்டாத காரியம் என்பவர்களுக்கு நான் காட்டுவது திருவிழாவை. மடுத் திருவிழாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் முன்கூட்டியே மன்னார்க் கச்சேரியில் கூட்டம் கூடுகிறது. குருமார், பொலிஸ், பிரதேச சபை, போக்குவரத்துச் சபை, சுகாதாரம், மின்சாரம், நீர் வழங்கல் எல்லாரும் ஒரே மேசையில். பஸ் எங்கே நிற்கும், தனியார் வண்டி எங்கே, எந்த வழி ஒருவழி, அம்பியுலன்ஸ் எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கிறார்கள். இலங்கையின் எந்தப் பெரிய திருவிழாவுக்கும் ஏறத்தாழ இதுதான் வழக்கம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் மாசி மகத்தில் நகர வீதியில் வருகின்றன. அந்த நாளில் எந்த வீதி எப்போது மூடும் என்று முன்பே தெரியும். சில நாள் கூட்டத்துக்கு இவ்வளவு முன்யோசனை செய்யத் தெரிந்த நாங்கள், ஐம்பது ஆண்டு நிற்கப்போகும் கட்டடத்துக்கு அதைச் செய்வதில்லை. அறிவும் ஆட்களும் மேசையும் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரலில் அந்தப் பொருள் மட்டும் இல்லை.

வஹகோட்டையைப் பொறுத்தவரை நேரம் இன்னும் கைமீறவில்லை. ஜூன் 13 அந்தோனியார் திருநாள். அந்த நாள்களில் முன்பு நாள்கணக்கில் தங்கிய கூட்டம் இப்போது வானிலும் பஸ்ஸிலும் காலையில் வந்து மாலையில் திரும்புகிறது. தங்குவோர் குறைய, நிற்கும் வண்டிகள் கூடின. பக்தர் வருகையை நம்பிக் கடையும் சாப்பாட்டுக்கடையும் தங்குமிடமும் எழும்புவது இயல்பு. ஊராருக்கு வருமானம் வரட்டும். ஆனால் உட்பாதை ஏ-6 போல அகன்றதல்ல. அதன் இரண்டு ஓரமும் கடையாகிவிட்டால், பிறகு அகலப்படுத்த நட்டஈடு கொடுத்து இடிக்க வேண்டிவரும். கோயிலுக்கு அருகே வரும் எந்த வணிகக் கட்டடமும் சாதாரண நாளுக்கு மட்டுமன்றி, அந்தோனியாருக்குரிய செவ்வாய்க்கிழமைக்கும் திருநாளுக்கும் கணக்குக் காட்டவேண்டும் என்று பிரதேச சபை ஒரு துணைவிதி செய்யலாம்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவான உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். அக்காலத்திலும் கட்டடங்கள் எழும்பின, கேள்வி கேட்க வட்டார உறுப்பினர் இல்லை. இப்போது இருக்கிறார்கள். ஒரு வணிக விண்ணப்பம் வந்தால், அதைச் சபை அறிவித்தல் பலகையில் மூன்று மொழியிலும் ஒட்டி, பக்கத்துக் கடைக்காரர், ஓட்டோச் சங்கம், பாடசாலை அதிபர், போக்குவரத்துப் பொலிஸ் எல்லாருடைய கருத்தையும் கேட்க ஒரு நாள் வைக்கலாம். கேட்க வேண்டியவை சிலதான். பரபரப்பான மணி நேரத்தில் எத்தனை மோட்டார் சைக்கிள், எத்தனை ஓட்டோ, எத்தனை லொறி வரும்? சரக்கு எந்த நேரத்தில், எங்கே இறங்கும்? வாசலுக்கும் சந்திக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் எவ்வளவு தூரம்? நடப்பவர் வழி அறுபடுகிறதா? ஒரு வெள்ளைத்தாளில் அடங்கும். அந்தத் தாளில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளரும் கையொப்பமிட வேண்டும் என்றால் வீதிக்கு உரியவரும் மேசைக்கு வந்துவிடுவார். ஆண்டு உரிமம் புதுப்பிக்கும்போது தரிப்பிடம் இன்னும் தரிப்பிடமாக இருக்கிறதா என்று ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும்.

அவசரம் ஏன் என்றால், மத்திய அதிவேக நெடுஞ்சாலை இந்தப் பக்கம் நோக்கி வருகிறது. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறந்துவிட்டது. அடுத்து குருநாகலிலிருந்து தம்புள்ளைக்கு நீட்டுவதே திட்டம். நெடுஞ்சாலை வரும் முன்பே அதன் வாசல்களைச் சுற்றிக் காணி விலை ஏறும், விலை ஏறினால் கட்டடம் எழும்பும். கொழும்பிலிருந்து வஹகோட்டைக்கு வந்து அன்றே திரும்புவது இன்னும் இலகுவாகும், வரும் வண்டிகளும் பெருகும். கலேவெலவில் கூட்டுத் தரிப்பிடத்துக்கான காணியை இன்றைய விலையில் ஒதுக்கிவைப்பதா, பத்து ஆண்டு கழித்துக் கடைகளை இடித்து எடுப்பதா என்பதை இந்தச் சபையின் பதவிக்காலத்துக்குள் தீர்மானித்தாக வேண்டும்.